கால் தரையில் படாமல்

கோழி முற்றத்துக் குதிரைவாலியில் வாய் வைத்ததுதான் தாமதம், வீட்டுக்குள்ளிருந்து ஒரு துரட்டிக் கம்பு நீண்டு வந்து அதன் வாலுக்குப் பக்கத்தில் தட்டியது. கோழி கத்திக்கொண்டு ஓடியது. கம்பு வந்த வழியே உள்ளே போய்விட்டது. அதைப் பிடித்திருந்த சந்தனம்மாள் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஆட்டுக்கு வேலங்காய் உலுக்குகிற துரட்டி அது. அதன் நுனிக் கொக்கியை வைத்துக்கொண்டு அவள் செய்யாத வேலை இல்லை. தண்ணீர்ச் செம்பின் கழுத்தில் மாட்டிச் சிந்தாமல் இழுப்பாள். கதவைச் சாத்துவாள். கொடியில் காய்ந்த சேலையை இறக்குவாள். உறிக்குக் கீழே பதுங்கும் பூனையை, "ஏய், உன்னயத்தான். தெரியாதுன்னா நினைக்க" என்று முதலில் வாயாலும் பிறகு கம்பாலும் விரட்டுவாள். எழுபத்தொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் எம்.ரெட்டியபட்டியில் ஒருத்தி கட்டிலை விட்டு இறங்காமல் ஒரு வீட்டையே ஆண்டாள் என்றால் அது இவள்தான்.

இறங்கக்கூடாது என்பது டாக்டர் போட்ட நிபந்தனை. இரண்டு மாதம் படுத்தே இருக்க வேண்டும். காலைக்கடனுக்குத் தவிர கால் தரையில் படக்கூடாது. கையை ஆட்டலாம், பேசலாம், சாப்பிடச் சற்றுச் சாய்ந்துகொள்ளலாம். கையைத் துரட்டி நீளத்துக்கு ஆட்டலாமா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சின்ன வயதில் காய்ச்சலும் மூட்டுவீக்கமுமாக வந்த சீக்கு அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து நடந்தவள், பிறகு வெறுங்குடத்தோடு நடப்பதற்கே இரண்டு இடத்தில் நின்றாள். படுத்தால் மூச்சு முட்டியது. பருத்தி மூட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே இரண்டு வருஷம் தூங்கினாள். அதனால் இந்தக் கிடப்பைப் பார்த்து யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். "படுக்கிறதே எனக்கு இப்பக் கெடைச்ச சொத்து. அனுபவிச்சிட்டுப் போறேன், விடுங்க" என்பாள்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தை மாதம் ஆபரேஷன் நடந்தது. இதயத்துக்குள் ஒரு வால்வு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து, இதயத்துக்குள் விரலை விட்டு அதைப் பிரித்துவிட வேண்டும் என்று அவளுக்குச் சொன்னார்கள். ஊருக்கு வந்து அதை அவள் சொல்லும் முறை வேறு. "நெஞ்சுக்குள்ள ஒரு கதவு ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சாம். பெரிய டாக்டரு விரல உள்ள விட்டு, இந்தா இப்படி, தெறந்துவிட்டுட்டாக." சொல்லும்போது ஆள்காட்டி விரலைக் காற்றில் மெல்லச் சுழற்றிக் காட்டுவாள். கேட்கிறவர்கள் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெரிய டாக்டர் அவள் கட்டிலருகே வந்து நின்று, ஒரு சங்கதியை ஒளிக்காமல் சொன்னார். இந்த ஆபரேஷன் ஆனவர்களைச் சீக்கிரமே நடக்க விடுவது நல்லதா, இரண்டு மாதம் படுக்க வைப்பது நல்லதா என்று டாக்டர்களுக்கே இன்னும் நிச்சயமாகத் தெரியாது. பாதிப் பேரை நடக்க விட்டும் பாதிப் பேரைப் படுக்க வைத்தும் பார்த்தால்தான் தெரியும். யாருக்கு எது என்பதை டாக்டர்கள் முடிவு செய்யப் போவதில்லை. ஒட்டிய உறைக்குள் இருக்கும் சீட்டு முடிவு செய்யும். இஷ்டம் இல்லையென்றால் சொல்லிவிடலாம், அதற்காக ஆபரேஷன் நிற்காது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பாலவனத்தத்துப் பெண் பயந்துபோனாள். டாக்டருக்கே தெரியாதாமே என்று கண் கலங்கினாள். சந்தனம்மாளுக்கு அந்த ஒரு சொல்தான் பிடித்துப்போயிற்று. "தெரியலைன்னு வாய்விட்டுச் சொல்லுதாகல்ல. அப்பப் பொய் சொல்ல மாட்டாக" என்று அவளைத் தேற்றினாள். சீட்டு விஷயமும் அவளுக்குப் புதிதில்லை. ஒரு காரியத்தில் இதுவா அதுவா என்று தடுமாற்றம் வந்தால், சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அய்யனார் முன்னால் போட்டு எடுப்பது அவர்கள் ஊர் வழக்கம். எந்தப் பூ வந்ததோ அதன்படி நடக்க வேண்டும். வந்த பிறகு மாற்றினால் தெய்வக் குற்றம். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"என் தங்கச்சிக்கும் இதே சீக்குங்கய்யா. அடுத்த வருசம் அவளக் கூட்டியாரச் சொல்லியிருக்கீக. நான் சொன்னபடி கெடந்தா, அவளுக்கு எது நல்லதுன்னு அதுக்குள்ள தெரிஞ்சிருமா?"

"தெரிஞ்சிரும்னு நினைக்கிறோம். அவளுக்கு மட்டுமில்ல, பின்னால வர்ற எல்லாருக்கும்" என்றார் டாக்டர்.

உறையைப் பிரித்தபோது அவளுக்குப் படுக்கை வந்தது. பாலவனத்தத்துக்காரிக்கு நடை. பயந்தவள் நடந்தாள், பயப்படாதவள் படுத்தாள்.

ஊருக்கு வந்த நேரம், கரிசலெல்லாம் பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. ஊரில் கை உள்ள பெண்கள் அத்தனை பேரும் விடிந்தால் காட்டில் இருந்தார்கள். மடி நிறையப் பருத்தியோடு திரும்புகிறவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். "மகராசி, குடுத்து வச்சவ" என்று சிரித்துக்கொண்டே ஒருத்தி சொல்வாள். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பெண் படுத்துக் கிடந்தால் வீடு விளங்குமா என்று இன்னொருத்தி காது கேட்கவே கேட்பாள். சந்தனம்மாளுக்கு அது சுருக்கென்று தைக்கும். சின்ன வயதிலிருந்து அவளும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவள். விளக்கு ஏற்றும் நேரத்தில் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, கிடந்தபடியே விளக்கைப் பார்த்துக் கும்பிடுவாள். தூங்கவில்லை என்பதை லட்சுமிக்குத் தெரியப்படுத்துகிற மாதிரி இருக்கும்.

நடை வந்த பாலவனத்தத்துக்காரி இப்போது கிணற்றடிக்கே போய்வருகிறாளாம் என்று பஸ்ஸில் கேள்விப்பட்ட சேதியைக் கணவன் சோலைச்சாமி ஒருநாள் கொண்டுவந்தான். கொஞ்சம் ஏக்கத்தோடுதான் சொன்னான். "அவளுக்கு விழுந்தது நடை, நடக்கா. எனக்கு விழுந்தது படுக்கை" என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள்.

ஆனால் கருத்தம்மாளைப் பார்க்கும்போதுதான் அவள் மனசு ஆட்டம் கண்டது. அந்தத் தங்கச்சிதான் இப்போது வீட்டில் சமையல். தாயில்லாத பெண்கள், ஒத்தாசைக்கு வேறு ஆள் இல்லை. திருச்சுழிப் பக்கத்திலிருந்து அப்பா கொண்டுவந்து விட்டுப்போனார். தண்ணீரும் விறகும் சோலைச்சாமி கொண்டுவந்து போட்டுவிடுவான் என்றாலும், ஒரு உலை வைத்து இறக்குவதற்குள் கருத்தம்மாளுக்கு இளைக்கும். அடுப்பு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்குவாள். அந்தச் சத்தத்தைக் கட்டிலில் கிடந்து கேட்பது, நெஞ்சைக் கீறியதைவிடச் சந்தனம்மாளுக்கு வலித்தது. இரண்டு எட்டு வைத்தால் அடுப்பு. இப்போது தன்னால் மூச்சு வாங்காமல் அந்த இரண்டு எட்டும் வைக்க முடியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நான் எந்திரிச்சு வந்து கிண்டிட்டுப் போறது எவ்வளவு நேரம்? ஆனா உனக்காகத்தாண்டி கெடக்கேன். கோவிச்சுக்கிறாத" என்பாள்.

"நான் எதுவும் சொல்லலையே. நீ கெட" என்பாள் கருத்தம்மாள், மூச்சுக்கு நடுவில்.

மாமனார் உக்கிரபாண்டி அவள் கிடப்புக்காகத் தங்கச்சியைவிட ஒரு படி மேலே போனார். மாமனார் வீட்டுக்குள் கால் வைத்தால் மருமகள் எழுந்து ஓரமாய் நிற்க வேண்டும். அது இந்த ஊரில் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் ஒரு தடவை உள்ளே வந்தார். செருமல் கேட்ட மாத்திரத்தில் கட்டில் கிரீச்சிட்டது. அப்படியே திரும்பிப் போனவர்தான். தன் போர்வையையும் வெற்றிலைப் பையையும் மாட்டுத் தொழுவத்துக்கு மாற்றிக்கொண்டார். சாப்பாடு அங்கேயே போயிற்று. காரணம் கேட்டவர்களிடம், "மாடு ரெண்டும் ராத்திரி தனியாக் கெடக்குல்ல" என்றார். மாடுகள் அதற்கு முன்னாலும் தனியாகத்தான் கிடந்தன.

இவ்வளவும் செய்த வீட்டில்தான் அந்தத் தப்பும் நடந்தது.

படுக்கை வந்தவர்கள் ஒழுங்காகப் படுத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து முத்துலட்சுமி என்று ஒரு நர்ஸ் வருவாள். முன்கூட்டிச் சொல்லமாட்டாள். அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, ரெட்டியபட்டியில் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுவாள். முதல் தடவை வந்தபோது, குடை தட்டுகிற சத்தம் கேட்டுச் சந்தனம்மாள் வாசலில் வந்து நின்று, "வாங்க நர்ஸம்மா, வெயில்ல வந்திருக்கீக" என்று செம்பில் தண்ணீர் நீட்டினாள். இரண்டாம் தடவை மோர். மூன்றாம் தடவை, எழுந்து நின்றதோடு நிற்காமல், கட்டிலையே தட்டி உதறி "இதுல இருங்க" என்றாள்.

முத்துலட்சுமி உட்காரவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா சந்தனம்மா, நான் வந்தது மூணு தடவை. மூணு தடவையும் நீ நிக்கிற. உன்னைப் படுக்கத்தானே சொன்னாங்க?"

"படுத்துத்தான் கெடக்கேன் நர்ஸம்மா."

"எங்க படுத்திருக்க? என் கண்ணு முன்னால நிக்கிறியே."

"நீங்க வந்ததுனாலதான் நிக்கேன். நீங்க வரலைன்னா நான் எதுக்கு எந்திரிக்கப் போறேன்?"

முத்துலட்சுமி குடையைச் சுவரில் சாத்தினாள். போன வீட்டிலெல்லாம் இதே பேச்சைக் கேட்டு அலுத்திருந்தாள். இந்தச் சீமையில் படுக்கை வந்த பெண்கள் அத்தனை பேரும் அவளை வாசலில் வந்து வரவேற்றிருந்தார்கள். ஒருத்தி பனங்கிழங்கு அவித்துக் கொடுத்திருந்தாள்.

"எழுந்து நின்னவ கையைப் பிடிச்சு நாடி பார்த்தா அது ஓடத்தான் செய்யும். அதை எழுதி என்ன பிரயோஜனம்? பெரிய டாக்டரே உங்களையெல்லாம் பார்க்க வரப்போறாரு. அவர் வர்றப்பவும் நீ நின்னா உன்னைக் கணக்குல இருந்து எடுத்துருவாங்க. மருந்து மாத்திரை தருவாங்க, வைத்தியம் பார்ப்பாங்க. ஆனா நீ படுத்தது படுத்ததா ஆகாது. அவ்வளவுதான்."

இத்தனை நேரமும் தொழுவத்து மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உக்கிரபாண்டி, முகத்தைக் காட்டாமல் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அம்மா, எங்க மருமக பொய் சொல்றவ இல்ல. அவ எந்திரிக்கக்கூடாதுன்னு நான் என் வீட்டுக்குள்ளயே போறதில்ல."

முத்துலட்சுமி தொழுவத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் பாதி இறங்கிவிட்டது. "நான் நம்புறேன்யா. ஆனா நான் நம்பி என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு, மோரை மட்டும் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அன்றைக்குச் சந்தனம்மாள் அழுதாள். ஆபரேஷனுக்குப் போகும்போது அழாதவள். பருத்திக் காட்டு வேலை போயிற்று, ஊர் வாயில் விழுந்தாயிற்று, தங்கச்சி அடுப்படியில் இளைத்துக்கொண்டு கிடந்தாள், மாமனார் மாட்டோடு படுத்துக்கொண்டார். இவ்வளவையும் கொடுத்து வாங்கிய கிடப்பு, ஒரு செம்புத் தண்ணீரால் இல்லையென்று ஆகிவிடப் போகிறதே என்றுதான் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனைக் கூப்பிட்டாள்.

"இந்தாங்க. இனிமே யாரு வந்தாலும் நான் எந்திரிக்கப்பிடாது. அதுக்கு என் காலப் பழக்கணும்."

காலைக் கட்டிலோடு சேர்த்து ஒரு கயிற்றைப் போட்டுக் கட்டிவிட்டால் சுலபமாயிற்றே என்றான் சோலைச்சாமி.

"கட்டிப்போட்டா மாடுந்தான் படுத்துக் கெடக்கும். அது ஒரு கெடப்பா? நீங்க வெளிய போயி, மாமா மாதிரி செருமிட்டு உள்ள வாங்க."

பெற்ற தகப்பனைப் போல் செருமிக் காட்டுவதற்குச் சோலைச்சாமிக்குக் கூச்சமாக இருந்தது. முதல் தடவை அவன் செருமியது பூனைக்குக்கூடக் கேட்டிருக்காது. "உள்ள இருந்து வரணும். மாமா செருமுனா பானை அதிரும்" என்றாள். இரண்டாம் தடவை நெஞ்சைத் திறந்து ஒரு செருமு செருமிக்கொண்டு நுழைந்தான். அவன் நிலைப்படி தாண்டுவதற்குள் அவளுடைய இரண்டு காலும் தரையில் இருந்தன. மனசு படுத்துக் கிடந்தது, கால் எழுந்துவிட்டது. அவளுக்கே திகைப்பாக இருந்தது. தொழுவத்திலிருந்து, "யாருலே அது, நானு இங்கிட்டுல்ல இருக்கேன்?" என்று உக்கிரபாண்டி சத்தம் போட்டார். அடுப்படியில் கருத்தம்மாள் சிரிக்கப்போய் இருமல் வந்துவிட்டது.

விடவில்லை அவள். காட்டுக்குப் போகுமுன் ஒரு செருமல், வந்ததும் ஒரு செருமல் என்று தினமும் அவனை நடிக்க வைத்தாள். செருமலுக்குக் கால் அடங்கியதும் செருப்புச் சத்தம். பிறகு குடை தட்டுகிற சத்தம். கருத்தம்மாள் ஒருநாள் சும்மா வாசலைப் பார்த்து, "வாங்கய்யா, வாங்க" என்றாள். அதற்கும் கால் துடித்து, பாதி வழியில் நின்று, திரும்பக் கட்டிலுக்கு வந்தது. சண்டி மாட்டை ஏரில் பழக்குகிற மாதிரித்தான். தன் காலோடு தானே மல்லுக்கட்டி அவள் வியர்த்துக் கிடப்பதைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

பங்குனி பிறந்து ஒரு முற்பகலில் ஜீப் வந்தது.

வீதியில் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்ததிலேயே சந்தனம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. சோலைச்சாமி காட்டில் இருந்தான். பெரிய டாக்டரை வரவேற்க உக்கிரபாண்டியைத் தவிர ஆள் இல்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் ஓடி, வழி காட்டி, ஒரு மாதத்துக்கும் மேலாகக் கால் வைக்காத தன் வீட்டுக்குள் மறுபடி வந்தார். வந்தவர் பழக்கத்தில் செருமினார். பானை அதிர்ந்தது.

அவருக்குப் பின்னால், தாழ்ந்த நிலைப்படியில் தலையைக் குனிந்துகொண்டு பெரிய டாக்டர் நுழைந்தார். அவருக்குப் பின்னால் முத்துலட்சுமி. வாசலில் பாதித் தெரு.

மாமனார் ஒரு பக்கம். மறுபக்கம், தன் இதயத்துக்குள் விரலை விட்டு மூச்சைத் திருப்பிக் கொடுத்த மனிதர். உலகத்தில் யாருக்காவது எழுந்து நிற்க வேண்டுமென்றால் இந்த இரண்டு பேருக்கும்தான். கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. முத்துலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். சந்தனம்மாள் இடது கையால் கட்டில் சட்டத்தை எட்டிப் பிடித்தாள். பாதம் பெரியவர்களைப் பார்த்து நீண்டிருக்கக் கூடாதே என்று முழங்காலை மடக்கிச் சுவர்ப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். அதற்கு மேல் அவள் அசையவில்லை.

"வாங்கய்யா. வாங்க மாமா" என்றாள், படுத்தபடியே.

வாசலில் யாரோ "ஆத்தீ" என்றார்கள். உக்கிரபாண்டி தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். அவர் கண் நிறைந்திருந்ததை டாக்டர் பார்த்தார். டாக்டர் அவள் கையைப் பிடிக்கக் குனிந்தார். குனிந்த இடத்தில் உட்கார ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்த ஒரே முக்காலி எதிர்ச் சுவர் ஓரமாகக் கிடந்தது. அதை எடுத்துப்போட வேண்டும் என்று உக்கிரபாண்டிக்கும் தோன்றவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்ற கருத்தம்மாளுக்கும் தோன்றவில்லை.

துரட்டிக் கம்பு நீண்டது. டாக்டரின் கால்சட்டையை உரசாமல் பக்கவாட்டில் போய், முக்காலியின் காலில் கொக்கியை மாட்டியது. முக்காலி மண் தரையில் கரகரவென்று கோடு இழுத்துக்கொண்டு வந்து, டாக்டரின் முழங்காலுக்குப் பின்னால் நின்றது.

"இருங்கய்யா" என்றாள் சந்தனம்மாள். கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த இடது கையை அவள் இன்னும் விடவில்லை.